ரோம் போகிறீர்களா? முதலில் காலண்டரை எடுங்கள்

ரோமில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டால் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை எப்போது புக் பண்ண வேண்டும், எந்தக் கிழமை எது மூடியிருக்கும், விசாவுக்கு முன் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான், மனைவி, அறுபத்து நான்கு வயதான அம்மா என்று மூன்று பேர் ஐந்து இரவுகள் தங்கினோம். கொலோசியம் டிக்கெட்டுக்குத் தாமதமாகத்தான் போய் உட்கார்ந்தேன். அதிகாரப்பூர்வத் தளத்தில் எல்லாம் தீர்ந்திருந்தது. பதற்றத்தில் ஏதோ ஓர் இடைத்தரகுத் தளத்தில் மூன்று மடங்குக்கு மேல் பணம் கட்டினேன். அங்கே போய்ப் பார்த்தால் அது உள்ளே போகிற டிக்கெட்டே இல்லை. வெளியிலிருந்து கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் நடைச்சுற்று. அம்மாவை வெயிலில் நிற்க வைத்துவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. கடைசி நாள் காலையில் யாரோ ரத்து செய்த மூன்று இடங்கள் கிடைத்ததால் உள்ளே போய்ப் பார்த்தோம். உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

விலைகள் எல்லாம் நான் அறிந்தவரை சரி. ஒன்றிரண்டு யூரோ ஏறியிருக்கலாம் என்ற கணக்கோடு போங்கள்.

1. கிழமையைப் பார்த்து நாளைக் குறியுங்கள்

விமான டிக்கெட் எந்த நாளில் மலிவு என்று பார்த்துத் தேதி வைப்பதுதான் நம் வழக்கம். ரோமுக்கு அது ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமை வத்திக்கான் அருங்காட்சியகம் மூடல். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள். அன்றைய வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்தே போயிருக்கலாம் என்று தோன்றும். திங்கட்கிழமை போர்கேசே என்ற சிற்ப, ஓவியக் காட்சியகம் மூடல். புதன்கிழமை காலை போப்பாண்டவர் ஊரில் இருந்தால் பொதுச் சந்திப்பு நடக்கும். அந்த நேரத்தில் புனித பேதுரு சதுக்கம் நிரம்பி வழியும், பேராலயத்துக்குள் போவது கஷ்டம். அவரைப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் அதே புதனை வைத்துக்கொள்ளுங்கள், அனுமதிச் சீட்டு இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் உட்பட அரசு அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம். அன்றும் அதே கூட்டம்தான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் திங்கள் இறங்கிச் சனி கிளம்புவது வசதி. திங்கள் மாலை திறந்தவெளிச் சதுக்கங்கள், செவ்வாய் கொலோசியம், புதன் போர்கேசே, வியாழன் வத்திக்கான். வெள்ளியைக் காலியாக விடுங்கள். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில்தான் வரும். அதன் விவரத்தைக் கீழே ஏழாவது படியில் சொல்கிறேன்.

பருவம்: ஏப்ரல், மே, அக்டோபர் நடப்பதற்கு நல்ல மாதங்கள். ஈஸ்டர் வாரத்தைத் தவிருங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நமக்குப் பழகின வெயில்தானே என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் நாம் மத்தியானம் ஐந்து மணி நேரம் கல் தரையில் நடப்பதில்லை.

2. விசா: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும்; இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா அது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம் உண்டு, தேவைப்பட்டால் அதை 45 நாள் வரை நீட்டலாம். கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் விண்ணப்ப மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் மூன்று மாதம் முன்பே ஆவணங்களைச் சேருங்கள், இரண்டரை மாதம் இருக்கும்போது கொடுத்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது.

இத்தாலியோடு வேறு நாடுகளுக்கும் போகிறீர்களா? எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. எந்த நாட்டில் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதோ அங்கே கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், மறுப்பு வாங்கித் தரும் யோசனை அது.

ஆவணங்கள்:

- பாஸ்போர்ட். கடந்த 10 வருடத்துக்குள் வாங்கியதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.
- 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் புகைப்படங்கள். ஸ்டூடியோவில் "ஷெங்கன் விசா" என்று சொன்னாலே போதும்.
- குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு. போகும் நாள், வரும் நாள் இரண்டும் அதற்குள் அடங்க வேண்டும்.
- போகவர விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்கும் தங்குமிடப் பதிவு.
- பேங்க் ஸ்டேட்மென்ட், வங்கியின் முத்திரையோடு. வருமான வரிக் கணக்கு, சேலரி ஸ்லிப்.
- வேலை பார்க்கும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம்.
- நாள்வாரிப் பயணத் திட்டத்தோடு ஒரு கவரிங் லெட்டர்.

இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, விசா வருவதற்கு முன் பணம் திரும்ப வராத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள். ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டும், இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள ஓட்டலும் எடுங்கள். ஆனால் விசா வந்ததும் ஓட்டலை ரத்து செய்துவிட்டுக் கையில் எதுவும் இல்லாமல் போகாதீர்கள். விமான நிலையக் குடியேற்ற அதிகாரி எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்கலாம். இரண்டாவது, விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் திடீரென்று இரண்டு லட்சம் போடுவது. அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். உண்மையிலேயே வந்த பணமாக இருந்தால் ஃபிக்ஸட் டெபாசிட் முடிந்ததா, நகைக்கடனா என்று கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதி, அதற்கான தாளை வையுங்கள். மூன்றாவது, பெற்றோரை அழைத்துப் போகும்போது வருவது. அம்மாவுக்குத் தனி வருமானம் இல்லை. நான் செலவை ஏற்கிறேன் என்று கடிதம், என் பேங்க் ஸ்டேட்மென்ட், அம்மாவின் பெயர் இருக்கும் என் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் அம்மாவின் ஃபைலிலும் தனியாக ஒரு செட் வைத்தேன். ஒரு குடும்பம்தானே என்று ஒரே செட்டாகக் கொடுக்காதீர்கள். ஆளுக்கொரு ஃபைல்.

கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். கடந்த 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் வழக்கமாகத் திரும்பக் கேட்பதில்லை.

3. பெயர்: நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம்

இதைத் தனிப் படியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரின் முழு வடிவம், வங்கியில் இனிஷியல் பின்னால் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. கொலோசியம் டிக்கெட் 2023 அக்டோபரிலிருந்து பெயர் போட்டே தரப்படுகிறது. நுழைவாயிலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். டிக்கெட்டில் "எஸ்" என்ற ஒற்றை எழுத்தும் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் இருந்தால் வரிசை நடுவில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். சொல்கிற பாஷையும் நம் பாஷை இல்லை.

அதனால் முதலிலேயே ஒரு தாளில் ஒவ்வொருவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். விமானம், காப்பீடு, ஓட்டல், டிக்கெட் எல்லாவற்றிலும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விமான நிறுவனம் அந்தக் கட்டத்தில் என்ன போடச் சொல்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வங்கிக் கணக்கில் பெயர் வேறு மாதிரி இருந்தால் இருவரும் ஒருவரே என்று கவரிங் லெட்டரில் சொல்லிவிடுங்கள்.

4. டிக்கெட்டுகளை இந்த வரிசையில் வாங்குங்கள்

முதலில் வத்திக்கான் அருங்காட்சியகம். 60 நாள் முன்பே திறக்கிறது. 20 யூரோ டிக்கெட், இணையப் பதிவுக்கு 5 யூரோ, ஆக 25. சரியான தளமா என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: முகவரி "டாட் விஏ" என்று முடிய வேண்டும். அது வத்திக்கான் நாட்டுக்கே உரியது. தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த இடைத்தரகர்கள்.

அடுத்து போர்கேசே. முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு மணி நேர ஸ்லாட், குறைந்த ஆட்கள். இருபது யூரோவுக்குள் முடியும்.

கொலோசியம் மூன்றாவதாக வருகிறது, காரணம் அது 30 நாள் முன்புதான் திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ. கொலோசியம், பழைய நகர மையத்தின் இடிபாடுகளான ரோமன் ஃபோரம், அதை ஒட்டிய பாலடைன் குன்று மூன்றும் அதில் அடக்கம், 24 மணி நேரம் செல்லும். நிலவறைக்கும் அரங்கத் தரைக்கும் போக 24 யூரோ டிக்கெட், அது இன்னும் வேகமாகத் தீரும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம், ஆனால் அவர்களுக்கும் சேர்த்துப் பதிய வேண்டும். 30 நாள் முன்பு எந்தத் தேதி வருகிறது என்று கைபேசியில் அலாரம் வையுங்கள். ரோம் நேரம் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால் இருக்கும். தீர்ந்துவிட்டதென்றால் கைவிடாதீர்கள், ரத்தாகும் இடங்கள் அவ்வப்போது திரும்ப வரும். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

விசா கைக்கு வரும் முன்பே வத்திக்கான் டிக்கெட் வாங்கலாமா? நான் வாங்கினேன். விசா மறுக்கப்பட்டிருந்தால் மூன்று பேருக்கு 75 யூரோ போயிருக்கும். அந்தக் கணக்கை நீங்களே போட்டு முடிவெடுங்கள். இரண்டரை மாதம் முன்பே விசாவுக்குக் கொடுத்தால் கொலோசியம் திறக்கும்போது பெரும்பாலும் விசா கையில் இருக்கும். அதற்காகத்தான் இத்தனை நாள் முன்னால் சொல்கிறேன்.

பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்கு 5 யூரோ. இதற்கு முன்கூட்டியே பதற வேண்டாம்.

5. தங்குமிடம்

டெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி மலிவு, மெட்ரோவின் ஏ, பி தடங்கள் அங்கே சந்திக்கும், இந்திய, வங்காளதேச மளிகைக் கடைகளும் பக்கத்தில் உண்டு. இரவில் நிலையத்தை ஒட்டிய தெருக்கள் அவ்வளவு நன்றாக இருக்காது. வயதானவர்களோடு போனால் கொஞ்சம் கூடக் கொடுத்துப் பாந்தியன், நவோனா சதுக்கம் பக்கம் தங்குங்கள். மத்தியானம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் கால் நீட்டலாம். அந்த ஒரு மணி நேரம் இருந்ததால்தான் அம்மாவால் மாலையில் திரும்ப நடக்க முடிந்தது. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஓட்டல் வாடகையில் சேராத நகர வரி ஒன்று உண்டு. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு: மூன்று நட்சத்திர ஓட்டலில் 6 யூரோ, நான்கில் 7.50, ஐந்தில் 10. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை. எங்களுக்கு மூன்று பேர், ஐந்து இரவு, 90 யூரோ ஆனது. பல இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள், எடுத்து வையுங்கள்.

6. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கினால், 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறைப்படி முகப் படமும் கைரேகையும் எடுப்பார்கள். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். இறங்கி ஒரு மணி நேரத்தில் எதற்காவது முன்பதிவு வைத்துக்கொள்ளாதீர்கள்.

லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 14 யூரோ, 32 நிமிடத்தில் டெர்மினி. அதே நிலையத்திலிருந்து 8 யூரோ சாதாரண ரயிலும் கிளம்பும். மலிவாக இருக்கிறதே என்று ஏறினால் அது டெர்மினிக்குப் போகாது; த்ராஸ்தேவெரே, ஓஸ்தியென்சே வழியாக வேறு பக்கம் போய்விடும். உங்கள் ஓட்டல் அந்தப் பக்கம் என்றால் அதுவே நல்லது. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் அபராதம்தான்.

மூன்று நான்கு பேர் இருந்தால் டாக்சியே சரி. பழைய நகரச் சுவருக்குள் எங்கே போனாலும் 55 யூரோ நிலையான கட்டணம், பெட்டிகளும் அதில் சேர்த்தி. ரோம் நகராட்சியின் வெள்ளை டாக்சி வரிசையில் மட்டும் ஏறுங்கள். வெளியே வரும்போதே "டாக்சி, டாக்சி" என்று பக்கத்தில் வந்து கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள்.

7. பஸ், மெட்ரோ, வேலைநிறுத்தம்

ஒரு டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம். அதற்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோ மட்டும் ஒரு தடவை. வங்கி அட்டையையே தொட்டும் போகலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தொட்டுச் செலுத்தும் வசதியையும் தனித்தனியாக இயக்குங்கள். நம் அட்டைகளில் இவை தானாக இயங்காது. கடையில் அட்டை இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மோசமான மாற்று விகிதம்.

மெட்ரோ ஏ தடத்தில் ஒத்தாவியானோ இறங்கினால் வத்திக்கான், ஸ்பான்யா இறங்கினால் ஸ்பானியப் படிக்கட்டு, பார்பெரினி இறங்கினால் ட்ரெவி நீரூற்று. பி தடத்தில் கொலோசியோ. வேறெதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். "ஷோப்பெரோ" என்ற சொல்லைப் பார்த்தால் அதுதான். அன்றும் காலை எட்டரை மணி வரையும், மாலை ஐந்து முதல் எட்டு வரையும் நகர பஸ்ஸும் மெட்ரோவும் ஓட வேண்டும் என்பது விதி. விமானம் பிடிக்கும் நாளில் இப்படி வந்தால் அந்த நேரத்துக்குள் கிளம்புங்கள்.

8. கொலோசியம் நாள்

உங்கள் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் அங்கே இருங்கள். பாதுகாப்புச் சோதனை உண்டு, பெரிய முதுகுப்பை, கண்ணாடி பாட்டில் கூடாது. காலை முதல் ஸ்லாட் கிடைத்தால் எடுங்கள். உள்ளே ஒன்றரை மணி நேரம் தாராளம்.

அதற்குப் பிறகு ஃபோரமும் பாலடைன் குன்றும் சேர்ந்து இரண்டரை மணி நேரம். அதே டிக்கெட்டில் ஒரு தடவைதான் உள்ளே விடுவார்கள். தண்ணீர் வாங்கலாம் என்று வெளியே வந்தால் முடிந்தது. பாட்டிலை நிரப்பிக்கொண்டு, ஒரு பழமோ பிஸ்கட்டோ பையில் போட்டுக்கொண்டு போங்கள். நிழல் குறைவு. முதலில் பாலடைன் ஏறிவிட்டுப் பிறகு ஃபோரத்துக்கு இறங்குங்கள், முட்டிவலிக்காரர்களுக்கு அதுதான் தோது. தரை முழுக்க மேடுபள்ளமான பழைய பாவுகல். புதுச் செருப்போடு போகாதீர்கள்.

வெளியே போர்வீரர் வேடம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்பவர்கள், கையில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பவர்கள் நிற்பார்கள். கையை நீட்டாமல் நடந்துவிடுங்கள்.

9. வத்திக்கான் நாள்

இங்கே இரண்டு வாசல், இரண்டு வரிசை. அருங்காட்சியக வாசல் ஒரு பக்கம், பேராலயத்துக்குப் போகும் சதுக்கம் மறுபக்கம்; மதிலைச் சுற்றி நடக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அருங்காட்சியக டிக்கெட்டை வைத்துக்கொண்டு சதுக்கத்து வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவர்களை நாங்களே பார்த்தோம். பேராலயத்துக்கு டிக்கெட் கிடையாது, நுழைவு இலவசம், வரிசை பாதுகாப்புச் சோதனைக்கு மட்டும்.

தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். புடவை, சுடிதாரில் போகிறவர்களுக்குக் கவலை இல்லை. அரைக்கால் சட்டையில் வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

என் யோசனை: காலை ஏழேகாலுக்குப் பேராலயம். அந்த நேரத்தில் வரிசை என்று ஒன்றும் இருக்காது. உள்ளே நுழைந்ததும் வலதுபக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கலாஞ்சலோ செதுக்கிய பியெத்தா, மடியில் மகனைக் கிடத்தியிருக்கும் தாய். அம்மா அங்கேயே நின்றுவிட்டார். குவிமாடம் ஏற 551 படிகள். லிஃப்ட் எடுத்தாலும் 320 படி மிச்சம் இருக்கும், மேலே போகப்போகச் சுவர் சாய்ந்து வழி குறுகும், நடுவில் திரும்ப முடியாது. இதய நோய், மூட்டுவலி, மூடிய இடப் பயம் இருப்பவர்கள் வேண்டாம். நானும் மனைவியும் ஏறினோம், அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார்.

பிறகு காபி குடித்துவிட்டுப் பத்தரை மணிக்கு அருங்காட்சியகம். மைக்கலாஞ்சலோ விதானத்தில் ஓவியம் தீட்டிய சிற்றாலயமான சிஸ்டைன் சேப்பலுக்கு எல்லா இடத்திலும் அம்புக்குறி இருக்கும். அதையே பிடித்துக்கொண்டு போனால் ராஃபேல் வரைந்த அறைகளைத் தவறவிடுவீர்கள். அந்த அறைகளைக் கேட்டு, பார்த்துவிட்டுப் போங்கள். 120 மீட்டர் நீளமுள்ள வரைபடக் கூடத்தில் எல்லோரும் ஓடுவார்கள், நீங்கள் ஓரமாக நின்று விதானத்தைப் பாருங்கள். சிஸ்டைன் சேப்பலில் படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. சுவரோரம் பெஞ்சுகள் உண்டு. ஒருவர் எழுந்திருக்கும் வரை காத்திருந்து உட்காருங்கள். உட்கார்ந்து தலையைச் சாய்த்தால்தான் அந்த விதானம் பிடிபடும். நாங்கள் நாற்பது நிமிடம் இருந்தோம், யாரும் எழுப்பவில்லை.

சேப்பலிலிருந்து நேராகப் பேராலயத்துக்குப் போக ஒரு குறுக்கு வழி உண்டு என்று பலர் சொல்வார்கள். அது குழுக்களுக்கானது, மூடியும் இருக்கும். அதை நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம்.

10. மீதி நாட்கள், பெரும்பாலும் இலவசம்

போர்கேசேக்குப் பைகளை வெளியே ஒப்படைக்க வேண்டும், அரை மணி முன்னால் போங்கள். இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். சிற்பி பெர்னினியின் 'அப்பல்லோவும் டாஃப்னியும்' சிலையைச் சுற்றி வாருங்கள்: ஓடும் பெண்ணின் விரல் நுனிகள் இலைகளாக மாறிக்கொண்டிருக்கும், அதுவும் பளிங்கில். அவருடைய இன்னொரு சிலையில் புளூட்டோவின் விரல் பெண்ணின் தொடையில் அழுந்தும் இடத்தைப் பாருங்கள். கல் என்று நம்ப முடியாது. ரோமில் ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

பாந்தியன் பக்கத்திலேயே சான் லூயிஜி தேவாலயம், நுழைவு இலவசம். இடதுபக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜியோவின் மூன்று ஓவியங்கள் இருட்டில் இருக்கும். பக்கத்துப் பெட்டியில் காசு போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சான் பியேத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலையும் இலவசமே. பல தேவாலயங்கள் மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று, மூன்றரை வரை மூடிவிடும். காலையிலோ மாலையிலோ போங்கள்.

நவோனா சதுக்கத்து நடு நீரூற்றில் நான்கு நதிகள் நான்கு ஆண் உருவங்களாக உட்கார்ந்திருக்கும். கையில் நீளத் துடுப்போடு இருப்பவர் நம் கங்கை. அம்மா அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

ட்ரெவி நீரூற்றுக்குக் காலை ஆறரைக்குப் போங்கள். பத்து மணிக்குப் போனால் தண்ணீரைவிடத் தலைகள்தான் தெரியும். ஸ்பானியப் படிக்கட்டில் 2019 முதல் உட்காரத் தடை. அபராதம் நூற்றுக்கணக்கான யூரோ. நீரூற்றுகளில் காலை நனைப்பதும் அப்படியே.

11. சாப்பாடும் தண்ணீரும்

தண்ணீர் பாட்டில் வாங்கக் காசைக் கரைக்காதீர்கள். தெருவெங்கும் வளைந்த மூக்குக் குழாய்கள், சுமார் 2,500, இருபத்து நாலு மணி நேரமும் குடிநீர் தரும். காபியைக் கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள், மேசையில் உட்கார்ந்தால் பல மடங்கு ஆகலாம்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியவை. சுப்ப்ளி என்ற அரிசி உருண்டை பார்க்க நம் போண்டா மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு சேர்த்திருப்பார்கள். பூசணிப்பூ பஜ்ஜிக்குள் நெத்திலி மாதிரியான மீன் ஒளிந்திருக்கும். கார்போனாரா, அமாத்ரிசியானா இரண்டிலும் பன்றி. தைரியமாகக் கேட்கக்கூடியவை: வெட்டி எடை போட்டு விற்கும் பீட்சாக்களில் இறைச்சியும் மீனும் இல்லாதவை, தக்காளி பூண்டு மட்டும் போட்ட மரினாரா பீட்சா, காரமான அராபியாத்தா பாஸ்தா, மிளகும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த காச்சோ எ பேப்பே. மிளகு தூக்கலாக இருந்ததால் எங்கள் மூவருக்கும் அதுதான் பிடித்தது. பாலாடைக்கட்டி செய்ய விலங்கு நொதி சேர்ப்பார்கள் என்பதால் கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது. "சென்சா கார்னே, சென்சா பெஷே" என்றால் கறி வேண்டாம், மீன் வேண்டாம். எழுதி வைத்துக் காட்டுங்கள்.

இரவு உணவு ஏழரைக்கு முன் கிடைப்பது கடினம். மாத்திரை போடுகிறவர்கள் கையில் ஏதாவது வைத்திருங்கள். நம் ஊர் மூன்று முள் ப்ளக் அங்கே நுழையாது, அடாப்டரை இங்கேயே வாங்குங்கள்.

12. திருட்டு

மெட்ரோ ஏ தடமும், டெர்மினியிலிருந்து வத்திக்கானுக்குப் போகும் 64ஆம் எண் பஸ்ஸும் பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனவை. கதவு மூடும் நேரத்தில் நெரித்துக்கொண்டு ஏறுவார்கள். பையை முன்பக்கம் போடுங்கள், பின் பாக்கெட்டில் எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல் ஒன்று பெட்டியில், ஒன்று மின்னஞ்சலில். பாஸ்போர்ட் போய்விட்டால் முதலில் போலீசில் புகார் கொடுத்து அந்தத் தாளை வாங்குங்கள், பிறகு வியா வெந்தி செத்தெம்ப்ரே தெருவில் இருக்கும் இந்தியத் தூதரகம். அவசர எண் 112.

13. திரும்பும் நாள்

ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் தரமாட்டார்கள். விமான நிலையத்தில் பொருளைக் காட்டச் சொல்லலாம். அதனால் அந்தப் பெட்டியை விமானத்துக்குப் போடும் முன் சுங்க முத்திரை வாங்குங்கள். இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்து, விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள்.